மலைக்குப் போன காசு

தாம்பரம் பக்கத்தில் ரோமாபுரிக் காசு சேர்த்தவன் நான் ஒருத்தன்தான் என்று சொன்னால் தம்பட்டம் ஆகிவிடும். இரண்டு பேர் இருந்தோம். இன்னொருவர் கிரேக்க வாத்தியார். சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு சின்ன வேதப் பள்ளியில், போதகராகப் போகிற பையன்களுக்குக் கிரேக்கம் சொல்லிக் கொடுத்தார். நான் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். அவருக்கு எழுத்தைப் படிக்கத் தெரியும், எனக்குப் படத்தை வரையத் தெரியும். காசில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் சொல்லுவார். என்ன பொறித்திருக்கிறது என்று நான் ஐந்து மடங்கு பெரிதாக டிரேசிங் பேப்பரில் வரைந்து காட்டுவேன். இப்படித்தான் எண்பதுகளில் எங்கள் சிநேகிதம் ஓடியது. வேறு எதைப் பற்றியும் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

ரோமாபுரிக் காசு என்றாலே எல்லோருக்கும் தங்கம் நினைவுக்கு வந்துவிடுகிறது. என் மனைவியின் தம்பி முதல்தடவை என் தட்டைப் பார்த்துவிட்டு, "எத்தனை சவரன் தேறும் மச்சான்?" என்று கேட்டான். ஒரு குந்துமணி தேறாது. நாங்கள் சேர்த்தது செம்பும் வெண்கலமும். ரோமாபுரி ராஜாக்கள் ஆண்ட காலத்தில், கிழக்கே மத்தியதரைக் கடலோரத்து ஊர்களும் அதை அடுத்த ஊர்களும், அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, எபேசு, தர்சு என்று ஒவ்வொன்றும் தன் கடைத்தெருச் செலவுக்குத் தானே அடித்துக்கொண்ட சில்லறை. ஒரு பக்கம் ராஜா தலை. அது கட்டாயத்துக்கு. மறுபக்கம் அந்த ஊர்க்காரர்களுக்குப் பிடித்த ஏதோ ஒன்று: அவர்கள் கோயில், அவர்கள் ஆறு, அவர்கள் சாமி. என்னை இழுத்தது அந்த மறுபக்கம்தான். பம்மலும் பல்லாவரமும் தனித்தனியாகக் காசு அடித்துக்கொண்டால் எதைப் போடுவார்கள் என்று எலெக்ட்ரிக் ரயிலில் தொங்கிக்கொண்டே யோசிப்பேன். தோல் பதனிடும் ஊரான பம்மல் காசில் காயப்போட்ட தோல் வந்துவிடும், சந்தேகமில்லை. சேலையூருக்குத்தான் ஒன்றும் தோன்றாது.

என் முதல் காசு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. ஓடாத ஃபேன், புறா, தையல் மிஷின் சக்கரம், யாரோ பல் செட்டு, எல்லாம் அங்கே விற்கும். ஒருவன் கோணியைப் பரப்பி அதன்மேல் பித்தளைப் பூட்டுகளுக்கு நடுவில் ஒரு பெரிய காசைப் போட்டிருந்தான். நான் குந்தி உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னா சார், அத்தையே பார்த்துகினு கீறே? மிலிட்டரிக்காரர் வூட்டு சாமான் அது. சண்டை டைம்ல எகிப்து வரிக்கும் போய் வந்தவராம். பெர்சு பூட்டாரு, பசங்க எல்லாத்தையும் தூக்கி எடைக்குப் போட்டானுங்க. எடுத்துக்கோ சார், பேஜார் பண்ணாதே."

எடுத்துக்கொண்டேன். உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும் அளவு. நல்ல காப்பிக்கொட்டை நிறம். ஒரு பக்கம் தாடி வைத்த ராஜா. மறுபக்கம் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, கையில் ஒரு நாணல் தட்டை வைத்திருந்தான். அவனுக்குக் கீழே ஒரு முதலை. அத்தனை நூற்றாண்டு கழித்தும் அந்த முதலையின் முதுகு முள்ளை விரலால் தடவி எண்ண முடிந்தது. ஆபீஸில் ஒருவர், அந்த எழுத்து கிரேக்கம் மாதிரி இருக்கிறது, சேலையூரில் ஒரு பள்ளியில் அதெல்லாம் படிக்கிறார்கள் என்றார். அப்படித்தான் வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். கோவிலம்பாக்கம் பக்கத்து ஆள். அப்பாவும் அம்மாவும் கல் குவாரியில் கூலி வேலை செய்தவர்கள். அவருடைய அக்கா நர்சு படிப்புப் படித்து ஜோர்டான் தேசத்துக்கு வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்தார். வாத்தியார் என் காசை வாங்கிக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தார்.

"சார், இது அலெக்சாந்திரியா காசு. படுத்துக்கினு கீறவர் ஆத்துச் சாமி. நைல் நதியையே சாமியா வெச்சுக் கும்பிட்டாங்க. எங்க புடிச்சீங்க?"

"சந்தையில."

"சந்தையிலயா!" என்று அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பொறாமை என்றால் அப்பட்டமான பொறாமை. அதை அவர் மறைக்கவும் இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

அவரும் சேர்த்துக்கொண்டுதான் இருந்தார். இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் நடந்த ஊர்களுக்கெல்லாம் ஊருக்கொரு காசு என்பது அவர் திட்டம். அக்கா இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது அந்தப் பக்கத்துக் கடைகளில் வாங்கியதைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வருவார். வாத்தியார் தமக்கு வேண்டாத ஊர்க் காசுகளை எனக்குத் தள்ளிவிடுவார். இப்படியே என்னிடம் பத்தொன்பது சேர்ந்தன. ஒட்டுப்பலகையில் வட்ட வட்டமாகக் குழி வெட்டி, பச்சை வெல்வெட் ஒட்டி, நானே ஒரு தட்டு செய்தேன். நடுக்குழியில் படுத்திருக்கும் ஆற்றுச்சாமி. கடைசிக் குழியில் ஒரு மொழுக்கைக் காசு. இரண்டு பக்கமும் தேய்ந்து ராஜாவும் இல்லை, சாமியும் இல்லை. கடைக்காரர் அக்காவுக்குக் கொசுறாகப் போட்டது. வாத்தியார் அதைப் பூதக்கண்ணாடி வைத்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இவனுக்கு ஊரும் இல்ல, பேரும் இல்ல சார்" என்றார். அனாதை என்று அதற்குப் பெயர் வைத்தோம்.

என் மனைவிக்கு இந்தக் காசுகள்மேல் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆயுத பூஜை அன்று மட்டும் என் டிராயிங் பேனாக்கள், செட்ஸ்கொயர், கேமரா எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி, காசுத் தட்டின் ஓரத்திலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவாள். நடுக்குழிக் காசை அவள் முதலைக் காசு என்று சொல்லுவாள். "பாருங்க, நம்ம மலைமேல பெருமாள் படுத்திருக்கிற மாதிரியே படுத்திருக்கார்" என்று ஒரு தடவை சொன்னாள். மலை என்றால் அவளுக்குத் திருநீர்மலை. அவள் பிறந்த வீடு பம்மலில். மாடிக்கு ஏறினால் அந்த மலை தெரியும். தும்மினால்கூட மலையைப் பார்த்துத்தான் தும்முவாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருஷம் மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் வாத்தியார் ஒரு காசைக் கொண்டுவந்தார். நெயாப்போலிஸ் என்ற ஊர் அடித்தது. அதில் ஒரு மலை. மலை உச்சியில் ஒரு கோயில். அடிவாரத்திலிருந்து கோயில்வரைக்கும் படிக்கட்டு. அடிவாரத்தில் தூண் தூணாக ஒரு மண்டபம். அவர்கள் சபையில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த, இயேசு தண்ணீர் கேட்ட கிணற்றடிப் பெண் கதையில் வருகிற மலை அதுதானாம். அக்கா அந்தக் கிணற்றைப் பார்க்கப் போனபோது பக்கத்துக் கடையில் வாங்கி, ஊருக்கு வந்த ஒரு நர்சு கையில் கொடுத்தனுப்பியது. வாத்தியார் தம்மிடம் இருந்த எல்லாவற்றையும் விட அதைத்தான் பெரிதாக நினைத்தார் என்பது அவர் அதைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"டிசம்பர்ல அக்கா வர்றாங்க சார். கிறிஸ்துமஸுக்கு சபைப் பிள்ளைங்களுக்கு அக்கா கையாலயே இதைக் காட்டணும்னு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள வரைஞ்சு குடுத்துடுங்க" என்றார்.

வரைந்தேன். ஒரு வாரம் ஆயிற்று. சும்மா சொல்லக்கூடாது, நான் வரைந்ததிலேயே அதுதான் உருப்படியானது. மேஜைமேல் டிரேசிங் பேப்பரைப் பார்த்த என் மனைவி, "இதென்ன, திருநீர்மலையை வரைஞ்சிருக்கீங்க?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே காசை எடுத்துக் காட்டினேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "படிகூடப் போட்டிருக்கானே! கீழே ஒரு கோயில், மேலே ஒரு கோயில். அப்படியே நம்ம மலைதான்" என்றாள். நான் ஒன்றும் திருத்தவில்லை. ரசிக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் எங்கள் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு வயது. தெருவெல்லாம் தண்ணீர், கிணற்றில் சாக்கடை கலந்திருந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நான்கு நாள் மாத்திரை கொடுத்தோம். ஐந்தாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார்கள். குரோம்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். காய்ச்சல் இறங்கவில்லை. குழந்தை எங்களை அடையாளம் தெரியாமல் ஏதேதோ பேசினாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குடலில் ஓட்டை விழுந்துவிட்டால் கஷ்டம், பார்ப்போம் என்றார். நான் அதிகம் கலங்காதவன் என்று ஆபீஸில் பெயர் எடுத்தவன். அன்றைக்கு நர்சிங் ஹோம் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரத்தில் வாத்தியார் சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, குழந்தை நெற்றியில் கை வைத்து ஜெபித்தார். என் மனைவி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கூடவே கைகூப்பி நின்றாள். வெளியே வந்ததும் அவர் தயங்கித் தயங்கி, "இப்ப கேக்கிறது தப்புதான் சார். அக்கா அடுத்த வாரம் வர்றாங்க. அந்தக் காசு..." என்றார்.

"நாளைக்கே கொண்டாந்து தரேன் சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மேஜை டிராயரைத் திறந்தால் காசு வைத்திருந்த உறை காலி. பக்கத்து டிராயர், டிரேசிங் பேப்பர்க் கட்டு, அலமாரி, எங்கேயும் இல்லை. மறுபடி நர்சிங் ஹோமுக்கு ஓடி மனைவியிடம் கேட்டேன்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள்.

"எதுக்கு?"

"மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சிருக்கேன். மலைக்கு. பெருமாள் படத்துக்குப் பின்னால இருக்கு."

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், மஞ்சள் நனைத்த துணியில் ஒரு காசை வைத்து முடிந்து சாமி படத்தருகில் வைத்துவிடுவார்கள். உடம்பு தேறினதும் அந்த முடிச்சை அப்படியே கோயில் உண்டியலில் சேர்க்க வேண்டும். நடுவில் அவிழ்க்கக் கூடாது, மாற்றக் கூடாது. முடிந்த நிமிஷத்திலிருந்து அது சாமியுடையது. எல்லோரும் ஒரு ரூபாய்தான் முடிவார்கள். என் மனைவி அந்த மலையே பொறித்த காசு வீட்டில் இருக்கும்போது ரூபாயை ஏன் முடிய வேண்டும் என்று நினைத்துவிட்டாள்.

"அறிவிருக்கா உனக்கு? அது நம்ம காசா? வாத்தியாரோடது!"

வார்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்க காசுன்னுதான் நெனச்சு எடுத்தேன். அவரோடதுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன். ஆனா முடிஞ்சாச்சு. முடிஞ்சதை அவுக்கக் கூடாது. கொழந்த எழுந்து உக்காரட்டும். நானே அவர் வீட்டுக்குப் போய்க் கால்ல விழறேன்" என்றாள். சொல்லும்போதே அவள் கை குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. படத்துக்குப் பின்னாலிருந்து முடிச்சை எடுத்து மேஜைமேல் வைத்தேன். எனக்கு வேண்டுதலில் நம்பிக்கை இல்லை. ஆனால் என் மனைவியின் கூர்மையான கண்மேல் நம்பிக்கை இருந்தது. அவள் கட்டிய முடிச்சு மாதிரியே திரும்பக் கட்டவேண்டும். ஆகவே அவிழ்ப்பதற்கு முன்னால் அதை வரைந்துகொண்டேன். மேலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முறைப்படி மூன்று கோணம். பெற்ற பெண் ஜுரத்தில் கிடக்கிறாள், அப்பன் முடிச்சுக்கு டிராயிங் போடுகிறான். யாராவது பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார்கள்.

அவிழ்த்தேன். மலைக் காசு மஞ்சள் படிந்து உள்ளே இருந்தது. அதைத் துடைத்துத் தனியே வைத்துவிட்டு, உள்ளே வைக்க ஒரு காசு வேண்டுமே என்று என் தட்டைத் திறந்தேன். பத்தொன்பது குழி. கை நடுக்குழிப் பக்கம் போகவே இல்லை. அந்தியோக்கியா காசு ஒன்று கிட்டத்தட்ட அதே அளவு இருந்தது. அதன்மேல் விரலை வைத்து எடுத்துவிட்டேன். தர்சுக் காசு, சிங்கம் நன்றாக விழுந்திருந்தது, அதையும் தாண்டினேன். கடைசியில் அனாதையை எடுத்து வைத்து முடிந்தேன். அளவு சரியாக இருக்கிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அளவு சரியாக இல்லை. அது மலைக் காசைவிடச் சின்னது, கனமும் குறைவு.

அன்றைக்கே வாத்தியாரிடம் மலைக் காசைக் கொடுத்துவிட்டேன். மனைவியிடம் வேறு மாதிரி சொன்னேன். "வாத்தியார்கிட்ட பேசிட்டேன். கொழந்தைக்குத்தானே, போகட்டும்னு சொல்லிட்டார். நீ போய் ஒண்ணும் சொல்ல வேணாம், சங்கடப்படுவார்" என்றேன். அவள் அப்படியே நம்பினாள். அந்த வாரக் கடைசியில் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது. பத்தியம் முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினதும் மூன்று பேரும் திருநீர்மலைக்குப் போனோம். படியில் பாதித் தூரம் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினேன். எலும்பும் தோலுமாக இருந்தாள், கனமே இல்லை. உண்டியலுக்கு எட்டவில்லை என்று அவளைத் தூக்கிப் பிடித்தேன். அவள் கையாலேயே முடிச்சைப் போட்டாள். உள்ளே அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. என் மனைவி அழுதுகொண்டே நின்றாள். நான் தூரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்தைப் பெண்ணுக்குக் காட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை வாத்தியார் வருஷா வருஷம் வருகிற மாதிரி கேக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு வந்தார். அந்த வருஷம் அக்காவும் கூட வந்தார். எப்படியாவது பேச்சைத் திருப்பிவிடலாம் என்று ஜோர்டானில் பனி பெய்யுமா, சாப்பாடு எப்படி என்று வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா குழந்தையை மடியில் வைத்து நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். என் மனைவி காப்பித் தட்டை வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

"உங்க காசாலதான் இவ பொழைச்சா. நீங்க ஒரு வார்த்தை கோவிச்சுக்கலையே. இந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்."

"எந்தக் காசுங்க?" என்றார் வாத்தியார்.

"அந்த மலைக் காசு."

வாத்தியாரின் அக்கா சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்தார். "இதுவாம்மா? நேத்துதான் சபைப் பசங்க எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க" என்று எடுத்து என் மனைவி கையில் வைத்தார்.

என் மனைவி அதைப் பார்த்தாள். மலை, படி, கோயில். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆமா, இதுதான். இதை வெச்சு இவர் வரைஞ்ச படத்தைப் பார்த்துத்தான் வேண்டிக்கிட்டேன். அதைச் சொன்னேன்" என்றாள். எத்தனை சாமர்த்தியமாகச் சமாளித்தாள்! வாத்தியார் காப்பியை ஆற்றிக்கொண்டே தலையாட்டினார். அவர்கள் போகும்வரை வீட்டில் சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தது.

கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடுத்தவங்க பொருளை எடுத்து நான் சாமிக்கு முடிஞ்சது தப்பு. நீங்க மாத்தினதுதான் நியாயம். அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். கொஞ்ச நேரம் டம்ளர்களை அடுக்கினாள். பிறகு, "உள்ள எதை வெச்சு முடிஞ்சீங்க?" என்று கேட்டாள்.

நான் தட்டு இருந்த அலமாரியைப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவள் கண் சட்டென்று நிறைந்தது.

"அந்த முதலைக் காசையா?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரே எழுத்து. "அதான் அன்னிக்கு முடிச்சு கனமா இருந்தது. நான்தான் என்னமோன்னு நெனச்சேன்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படுத்திருக்கிற பெருமாளுக்குப் படுத்திருக்கிற சாமி. நான் முடிஞ்சதைவிட அதுதான் பொருத்தம்." சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு தேய்க்கப் போனாள். குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நான் அலமாரியைத் திறந்து, தட்டின் நடுக்குழியிலிருந்து ஆற்றுச்சாமியை எடுத்து, ஒரு கறுப்பு பிலிம் டப்பாவில் பஞ்சு வைத்துப் போட்டு மூடி, கேமராப் பைக்குள் செருகினேன். திரும்பி வந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

இந்தக் கதை பரவுவதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. பம்மலில் என் மாமியார் வீட்டில் எனக்கு இருந்த மரியாதை இரட்டிப்பாயிற்று. சவரன் கணக்குக் கேட்ட மைத்துனன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், உங்களை நான் தப்பா நெனச்சுட்டேன்" என்றான். வாத்தியாருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அந்த ஆத்துச்சாமி காசையா சார் குடுத்தீங்க?" என்று வந்து கேட்டார். அதை முதலில் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்தவர் அவர்தான், அதன் அருமை அவருக்குத் தெரியும். நான் ஏதோ முனகினேன். பிற்பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சபையில் பேசும்போது, தனக்குத் தெரிந்த ஒரு மனிதர் பெண்ணுக்காகத் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல காசைக் கொடுத்துவிட்டார் என்று சொன்னாராம். ஐயோ, அது வேறு.

உண்மையில் நடந்தது இதுதான். என் பெண் பிழைக்க வேண்டும் என்று ஒரு காசு எடுக்க வேண்டியிருந்தது. என்னிடம் இருந்ததிலேயே மட்டமானதைப் பார்த்து எடுத்தேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. நம்பிக்கை இல்லாதவனுக்கு எந்தக் காசானால் என்ன? கை ஏன் நடுக்குழியைத் தாண்டியது? இந்தக் கேள்வியை நான் வேறு யாரும் கேட்கும்படி விடவில்லை. நானே கேட்டுக்கொண்டேன், பல வருஷம்.

அந்தப் பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று மூன்று தடவை போனேன். ஆபீஸுக்கு லீவு போட்டு, கேமராப் பையோடு, தனியாக. எங்கே போகிறேன் என்று கேட்டால் போட்டோ எடுக்க என்று சொல்லலாம். முதல் தடவை உண்டியல்வரை போனேன். டப்பாவைத் திறந்து காசை விரல் நுனியில் பிடித்தேன். முதலை முதுகில் வெயில் பட்டது. கொஞ்சம் பார்த்துவிட்டுப் போடலாம் என்று தூணோரம் உட்கார்ந்தேன். நடை சாத்தும் நேரம் ஆகிவிட்டது. இரண்டாம் தடவை அடிவாரத்திலேயே மாமியார் தெருக்காரர் ஒருவர் பார்த்து, "வாங்க மாப்ளே, இன்னா இம்மாம் தொலைவு?" என்று பிடித்துக்கொண்டு மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அது ஒரு சாக்கு. மூன்றாம் தடவைக்கு எந்தச் சாக்கும் இல்லை. ஏறினேன், நின்றேன், இறங்கினேன். இறங்கும்போது காசு பையில்தான் இருந்தது.

தொண்ணூறுகளில் வாத்தியார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். நானும் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. தட்டில் எஞ்சிய பதினேழையும் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். நடுக்குழிக் காசைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் குளியலறைக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு போக வேண்டும். சந்தையில் கோணிமேல் எல்லோரும் பார்க்கக் கிடந்த காசு அது. என்னிடம் வந்து அதற்கு இந்தக் கதி. பெண் கல்லூரியில் சேர்ந்தாள். சிநேகிதிகளை வீட்டுக்கு அழைத்துவந்தால் தட்டைத் திறந்து காலிக் குழியைக் காட்டுவாள். "எங்கப்பாகிட்ட இருந்ததுலயே பெஸ்ட் காயின் இங்கதான் இருந்துச்சு. எனக்காக மலைக்குக் குடுத்துட்டார்." அந்தப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் எதையாவது தேடுகிற மாதிரி உள்ளே போய்விடுவேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த முதல் ஆயுத பூஜையிலேயே என் மனைவி வழக்கத்தை மாற்றிக்கொண்டாள். தட்டின் ஓரத்தில் பொட்டு வைப்பதில்லை. நடுவில் உள்ள காலிக் குழியில், பச்சை வெல்வெட்டின்மேல், சந்தனத்தைத் தொட்டு வைத்து அதன்மேல் குங்குமம் இடுவாள். வருஷா வருஷம் வைத்து வைத்து அந்த இடம் சிவந்து கெட்டியாகிவிட்டது. காசே உட்காராத அளவுக்குக் குழி மேடாகிவிட்டது.

அவள் எனக்குப் பொட்டு வைக்கிற மாதிரி மெதுவாக அதைச் செய்வாள். போன தடவை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேனாக்கள், செட்ஸ்கொயர், எல்லாவற்றுக்கும் வைத்தாள். கேமராவைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். அதோடு பிலிம் டப்பாவும் வந்தது. அதையும் துடைத்துக் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கேமராவுக்குப் பொட்டு வைத்துவிட்டு, டப்பாவைக் கையில் எடுத்தவள் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள்.

"இதுல ரோல் இருக்கா?" என்று கேட்டாள்.

"ம்" என்றேன்.

டப்பாவின் மூடியிலும் ஒரு பொட்டு வைத்துக் கீழே வைத்தாள்.